நாய் குறுக்கே வந்து சைக்கிள் பயணம் பாதியில் நின்றால்: விழுந்த இடத்திலிருந்து வீடு சேரும் வரை

நெடுந்தூர சைக்கிள் பயணம் கிளம்புகிறவர்கள் பஞ்சருக்குத் தயாராகிறார்கள், வெயிலுக்குத் தயாராகிறார்கள், லாரிக்குப் பயப்படுகிறார்கள். நாயை மட்டும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஓட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது ஏதோ ஒரு நாய் எழுந்து ஓடிவரும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகிற அன்று கையும் காலும் மட்டும் அடிபடுவதில்லை. வீட்டிலிருந்து முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தள்ளி, தெரியாத ஊரில், ஓட்ட முடியாத சைக்கிளோடு நிற்க வேண்டியிருக்கும். காயத்தைவிட அதற்குப் பிந்தைய அலைச்சல்தான் ஆளை அடித்துப்போடும்.

அந்த அலைச்சலில் பாதி தேவையற்றது. அடிபட்ட ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்கியிருக்க வேண்டிய காகிதங்களை வாங்காமல் வந்துவிட்டு, அதற்காகவே மறுபடி பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு புத்தியைச் சுற்றித்தான்: எது அங்கேயே முடிய வேண்டும், எது வீட்டுக்கு வந்து செய்தால் போதும். உதாரணங்கள் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையை வைத்தே சொல்லப்பட்டவை. வேறு வழியில் போனாலும் முறை இதுதான்.

1. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே

வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியைக் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளலாம். 0ஆம் நாள் (முதல் ஊசி போடும் நாள்), 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசி. ஆகவே ஒரு மாத அவகாசம் வேண்டும். தனியார் மருத்துவமனையில் ஒரு டோஸ் சில நூறு ரூபாய். இதைப் போட்டு வைத்தவருக்கு வழியில் கடிபட்டால் இரண்டே ஊசி போதும், 0 மற்றும் 3ஆம் நாள். காயத்துக்குள் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்து தேவையே இல்லை. அந்த மருந்து சின்ன ஊர்களில் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், பத்து நாளுக்கு மேல் ஓட்டப்போகிறவர்களுக்கு இந்த முன்தடுப்பு பயனுள்ளது. போட்ட அட்டையைப் படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள். அட்டை இல்லையென்றால் நீங்கள் சொல்வதை நம்பி ஊசியைக் குறைக்க எந்த மருத்துவரும் துணிய மாட்டார்.

டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

கைப்பையில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: சின்ன சோப்பு ஒன்று (திரவ சோப்பு வேண்டாம், கொட்டிவிடும்), போவிடோன் அயோடின் 50 அல்லது 100 மி.லி. பாட்டில், காஸ் துணி, முக்கோணக் கட்டுத்துணி, ஆதார் நகல், மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல், இரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. விழும்போது கைபேசித் திரை உடைவது சாதாரணம், அதனால் எண்கள் காகிதத்தில் இருக்கட்டும். சைக்கிளின் ரசீது நகலும், ஃபிரேமின் அடியில் பொறித்திருக்கும் எண்ணின் படமும் சேர்த்து வைத்தால் பின்னால் பார்சலிலும் காப்பீட்டிலும் உதவும்.

2. நாய் துரத்தும்போது

சைக்கிள்காரரைப் படுக்கவைப்பது பல்லைவிட முன்சக்கரம்தான். பக்கவாட்டில் ஓடிவரும் நாய் கணக்குத் தப்பி சக்கரத்துக்கு முன்னால் வந்துவிடும். முன்சக்கரம் அதன்மேல் மோதித் திரும்பினால் ஹேண்டில் மடங்கி, ஓட்டுபவர் தோளிலோ மணிக்கட்டிலோ விழுவார். ஆகவே வேகமாக மிதித்துத் தப்பிக்கலாம் என்ற யோசனை நீண்ட இறக்கத்தில், நாய் உங்களுக்குப் பின்னால் இருக்கும்போது மட்டும் செல்லும். முன்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்தால் வேகத்தைக் குறைப்பதே சரி.

நடக்கும் வேகத்துக்கு வாருங்கள். பெடலில் பூட்டும் ஷூ போட்டிருந்தால் காலை முதலில் விடுவியுங்கள். அதட்டிக் குரல் கொடுங்கள், கத்திக் கூச்சல் போட வேண்டாம். அப்படியும் விடவில்லை என்றால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் நிறுத்தி அப்படியே நடங்கள். நாயின் எல்லை பெரும்பாலும் ஐம்பது, நூறு மீட்டர்தான், அதைத் தாண்டினால் தானாகத் திரும்பிவிடும். குனிந்து கல் எடுப்பதுபோல் காட்டினாலே நம் ஊர் நாய்களில் பல பின்வாங்கும். தண்ணீர் பாட்டிலை முகத்தில் பீய்ச்சுவதும் வேலை செய்யும். காலை நீட்டி உதைப்பதுதான் மோசம்: ஒற்றைக் காலில் சமநிலை போகும், கடிக்கச் சதையையும் நீங்களே நீட்டிக் கொடுத்த மாதிரி.

கூட்டமாகப் போகிறவர்கள் கவனிக்க: முதல் ஆள் நாயை எழுப்பிவிட்டுப் போய்விடுவார், மாட்டுவது இரண்டாம் மூன்றாம் ஆள். முன்னால் போகிறவர் "நாய், இடது பக்கம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருபவர்கள் இடைவெளி விட வேண்டும். ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டி ஓட்டும் பழக்கத்தை ஊருக்குள் நுழையும்போதே நிறுத்திவிடுங்கள்.

எங்கே அதிகம்? கறிக்கடை, மீன் ஏலக்கூடம், கல்யாண மண்டபம், ஊர் எல்லைக் குப்பைமேடு. எப்போது? விடியலுக்கு முந்தைய இருட்டு. வெயிலுக்குப் பயந்து நாலு மணிக்கே கிளம்புகிறவர்கள் இதைத்தான் விலையாகக் கொடுக்கிறார்கள். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் ஒன்றேமுக்கால் மணி நேரக் குளிர்ச்சி போகும், சாலையாவது கண்ணுக்குத் தெரியும். குட்டி போட்ட நாய் இருக்கும் இடத்தை டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

3. விழுந்தபின் முதல் பத்து நிமிடம்

எழுந்து சைக்கிளைப் பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். சாலையோரம் போய் உட்காருங்கள். கழுத்தில் வலி, கைகால் மரத்துப்போவது இருந்தால் அசையாமல் படுத்திருந்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். உதவ வருகிறவர் தயங்கினால், அடிபட்டவருக்கு உதவியவரைச் சாட்சியாக வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டமே (பிரிவு 134ஏ) அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று சொல்லுங்கள்.

ஹெல்மெட்டில் விரிசலோ நசுங்கலோ இருந்தால் தலையில் அடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், நடந்ததே நினைவில்லாமை, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போலக் கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அன்று இரவு விடுதி அறையில் தனியாகத் தூங்கக் கூடாது.

ஹேண்டில் முனை வயிற்றில் குத்தியிருந்தால் வெளியே சின்ன வட்டத் தடம்தான் தெரியும். உள்ளே மண்ணீரலில் இரத்தக் கசிவு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். இடது தோளில் காரணமில்லாமல் வலி, தலைசுற்றல், வயிறு இறுகுவது இருந்தால் தாமதிக்காதீர்கள்.

கையை ஊன்றி விழுந்தவர்களுக்குக் காறை எலும்பும் மணிக்கட்டும் உடையும். கட்டைவிரலின் அடியில் உள்ள குழியை அமுக்கினால் வலிக்கிறதா பாருங்கள். அங்கே இருக்கும் சின்ன எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. "ஒன்றுமில்லை, சுளுக்கு" என்று சொன்னாலும் வலி நீடித்தால் 10–14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

4. காயத்தைக் கழுவுதல்: அவசரப்படாதீர்கள்

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது இது, பலர் தாண்டிப் போவதும் இதுவே. நாயின் பல்லோ நகமோ பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஆத்திரத்தில் ரெண்டு நிமிடமே பதினைந்துபோலத் தெரியும். வயல் பம்ப்செட், டீக்கடைக் குழாய், பெட்ரோல் பங்க், எதுவும் ஆகும். பிறகு போவிடோன் அயோடின்.

சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், புகையிலை எதையும் அப்பக் கூடாது. சுற்றி நிற்பவர்கள் அன்பாகத்தான் கொண்டுவருவார்கள், அன்பாகவே மறுத்துவிடுங்கள். இறுகக் கட்டவும் கூடாது. நாய்க்கடியில் உடனே தையல் போடுவதையும் தவிர்ப்பார்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் இம்யூனோகுளோபுலின் செலுத்தியபின், தளர்வாகத்தான்.

இப்போது ஒரு குழப்பம். நாய்மேல் மோதி விழுந்தீர்கள், முழங்காலில் சிராய்ப்பு. கடித்ததா என்றே தெரியவில்லை. என்ன செய்வது? முதலில் சாக்ஸைக் கழற்றிக் கெண்டைக்காலை வெளிச்சத்தில் பாருங்கள், அந்த நேரப் பதற்றத்தில் கடி வலிக்காது. துணி கிழியாமலேயே உள்ளே தோல் கீறியிருக்கும். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் மூன்று வகைகளை வைத்து முடிவு செய்யுங்கள்:

முதல் வகை: நாயைத் தொட்டது, காயமில்லாத தோலை அது நக்கியது. ஊசி தேவையில்லை.

இரண்டாம் வகை: இரத்தம் வராத கீறல், தோலைக் கவ்வியது. தடுப்பூசி வேண்டும்.

மூன்றாம் வகை: தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே உள்ள காயத்திலோ கண், வாயிலோ எச்சில் பட்டது. தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும்.

கவனிக்க வேண்டியது மூன்றாம் வகையின் கடைசிப் பகுதி. தார்ச்சாலையில் தேய்ந்த முழங்காலில் நாயின் வாய் பட்டிருந்தால், கடிக்காவிட்டாலும் அது மூன்றாம் வகை. சந்தேகம் என்றால் பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற மருந்தில்லை. ஊசியால் வரும் தொந்தரவு பெரும்பாலும் கை வலிதான்.

5. எந்த மருத்துவமனைக்குப் போவது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசம். பெரும்பாலும் கையிருப்பு இருக்கும், ஆனால் எக்ஸ்ரேயும் இம்யூனோகுளோபுலினும் வேண்டுமென்றால் தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். மூன்றாம் வகை என்று உங்களுக்கே தெரிந்தால் நேராகப் பெரிய இடத்துக்குப் போங்கள். 104-ஐ அழைத்தால் அருகில் எங்கே போகலாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

கடற்கரை வழியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எங்கெங்கே என்று முன்கூட்டியே குறித்துவையுங்கள்: செங்கல்பட்டு, விழுப்புரம் முண்டியம்பாக்கம், சிதம்பரம் (அண்ணாமலைநகர்), நாகப்பட்டினம், திருவாரூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம். புதுச்சேரியில் ஜிப்மர். மணமேல்குடியிலிருந்து மீமிசல், தொண்டி வழியாகத் தேவிபட்டினம் வரையுள்ள பகுதியும், ராமநாதபுரம் தாண்டிச் சாயல்குடிப் பக்கமும்தான் நீண்ட வெற்றிடம். அங்கே விழுந்தால் 108 வரவும் நேரம் பிடிக்கும், வருகிற முதல் வண்டியைக் கைகாட்டி ஏறுவதே உத்தமம்.

'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தெரிந்துவைத்திருங்கள். 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல். தொடங்கியபோது வரம்பு ஒரு லட்சம் ரூபாய். வேறு மாநிலத்தவருக்கும் உண்டு, காப்பீட்டு அட்டை கேட்கக் கூடாது. பொறி எங்கே என்றால், விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் புதுச்சேரியும் காரைக்காலும் நடுவில் வருகின்றன. எந்த எல்லையில் விழுந்தீர்கள் என்பதைக் கிலோமீட்டர் கல்லோடு சேர்த்துப் படமெடுத்து வையுங்கள்.

6. ஊசி அட்டவணையும் பயணமும்

அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறை: இரண்டு தோள்களிலும் 0.1 மி.லி., 0, 3, 7, 28ஆம் நாட்களில். தனியாரில் தசையில் போடும் முறை: 0, 3, 7, 14, 28 என ஐந்து ஊசி. பெரியவர்களுக்குத் தோள் தசையில்தான் போட வேண்டும். இடுப்பில் போடச் சொல்லி நாமே திரும்பி நிற்கக் கூடாது, அங்கே போட்டால் பலன் குறையும்.

0ஆம் நாள் என்பது முதல் ஊசி போட்ட நாள், கடிபட்ட நாள் அல்ல. இதில் குழம்பித் தேதியைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. முதல் ஊசியை நாகப்பட்டினத்திலும் இரண்டாவதைச் சென்னையிலும் போடலாம், தடையில்லை. அட்டையில் எந்த முறை, எந்தத் தடுப்பூசி என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஊரில் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.

இம்யூனோகுளோபுலின் முதல் ஊசியோடு சேர்த்துப் போடுவதே சரி. கிடைக்காவிட்டால் முதல் ஊசியிலிருந்து 7 நாளுக்குள். அதன்பின் பயனில்லை. குதிரையிலிருந்து எடுப்பது கிலோவுக்கு 40 அலகு, மனிதரிடமிருந்து எடுப்பது கிலோவுக்கு 20 அலகு. எழுபது கிலோ ஆளுக்குக் குதிரை வகையில் 2,800 அலகு வரை, அதாவது 1,500 அலகுக் குப்பி இரண்டு. அரசு மருத்துவமனையில் இலவசம். தனியாரில் மனித வகைக்குப் பல ஆயிரம் ஆகும். காயத்துக்குள்ளும் சுற்றிலும் குத்துவார்கள். வலிக்கும். அதற்குப் பயந்து வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

நாயைப் பத்து நாள் கவனிப்பது என்றொரு வழக்கம் உண்டு. நாய் பத்து நாளும் நலமாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஊசியைத் தொடங்காமல் காத்திருப்பதற்கு இது அனுமதி அல்ல. பயணியான உங்களால் கவனிக்க முடியாது. அந்த இடத்து டீக்கடைக்காரரின் எண்ணை வாங்கிக்கொண்டு, நாயை அவருக்குக் கையால் சுட்டிக்காட்டி, பத்தாம் நாள் பேசுங்கள். "அந்தச் செவலை நாய்" என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் எந்தச் செவலை என்று அவருக்குத் தெரியாது.

7. ஊரை விட்டுக் கிளம்பும் முன் மூன்று காகிதங்கள்

முதலாவது, புறநோயாளிச் சீட்டும் அதில் குறித்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எண்ணும். விபத்து என்று போனால் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த வரிதான் பின்னால் எல்லாவற்றுக்கும் வேர். "சைக்கிளிலிருந்து விழுந்தார்" என்று மட்டும் எழுதினால் போதாது. தேதி, நேரம், இடம், "நாய் குறுக்கே வந்ததால் விழுந்தார்", கடி இருந்தால் எந்த இடத்தில் என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் சொன்னதும் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஊசி அட்டை.

மூன்றாவது, காவல் நிலையத்தின் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை. கட்டணம் கிடையாது. வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும்: உங்கள் பெயர், முகவரி, எங்கிருந்து எங்கே பயணம், நடந்த இடம், நேரம், காயம், மருத்துவமனை, நாய்க்கு உரிமையாளர் உண்டா. "நாய்க்கெல்லாம் புகாரா?" என்று சிரிப்பார்கள். காப்பீட்டுக்குத் தேவை என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ரசீது எண் இருந்தால் நிலையைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம்.

நாய்க்கு உரிமையாளர் இருந்தால் கதை வேறு. விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291-இன் கீழ் குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்குமுன் இதுவே இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 289. அந்த ஊர் நிலையத்துக்குப் போக முடியாத நிலையில் வேறு நிலையத்திலும் புகார் தரலாம், அவர்கள் மாற்றி அனுப்ப வேண்டும். நடைமுறையில் அது தாமதம்தான், முடிந்தால் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

உரிமையாளர் பெரும்பாலும் பேசி முடித்துக்கொள்ளத்தான் வருவார். தவறில்லை. ஆனால் எக்ஸ்ரே பார்க்கும் முன் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தபின் மணிக்கட்டுக்குத் தகடு வைக்கும் நிலை வந்தால் கேட்க வாய் இருக்காது. நாய்க்குத் தடுப்பூசி போட்ட கால்நடை மருத்துவர் அட்டையைக் கட்டாயம் படமெடுங்கள். அட்டை இருந்தாலும் உங்கள் ஊசியை நிறுத்த வேண்டாம்.

8. சைக்கிளைச் சோதிப்பது

ஊசி போட்டபின், காகிதம் வாங்கியபின் சைக்கிள். கண்ணுக்கு நேராகத் தெரிவதால் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். ரிம் பிரேக் கட்டையில் உரசினால் கோட்டம். ஸ்போக்ஸ் கம்பியைக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கி ஓரளவு எடுக்கலாம். கிராமத்துச் சைக்கிள் கடைக்காரர்களுக்கு இதில் நல்ல கை உண்டு. ரிம்மே மடங்கியிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால்) பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு காலும் ஒரே கோட்டில் இல்லையென்றால், அல்லது பின்னோக்கி வளைந்திருந்தால் ஓட்டக் கூடாது. ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால், மேல் குழாயின் அடியிலும் கீழ்க் குழாயின் அடியிலும் விரலை ஓட்டுங்கள். பெயிண்டில் சுருக்கமோ வெடிப்போ இருந்தால் நேர் மோதலில் ஃபிரேம் நசுங்கியிருக்கிறது. அலுமினியத்தை நிமிர்த்த முடியாது. இரும்பு என்றால் பட்டறையில் நிமிர்த்தலாம். கார்பன் ஃபோர்க்கை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், 'டக்' என்ற கூர்மையான சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே பிளவு. சந்தேகம் வந்தாலே நிறுத்திவிடுங்கள், இறக்கத்தில் உடைந்தால் இரண்டாவது விழுகை முதலாவதைப்போல இருக்காது.

வலது பக்கம் விழுந்திருந்தால் பின் டிரெய்லர் (derailleur, சங்கிலியை கியருக்கு கியர் மாற்றும் கருவி) தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு உள்நோக்கி வளைந்திருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். இதோடு பெரிய பல்சக்கரத்துக்கு கியர் மாற்றினால் டிரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய், சக்கரமே பூட்டிக்கொள்ளும். இந்தத் துண்டு மாடலுக்கு மாடல் வேறு, கடலோர ஊர்களில் கிடைக்காது. உதிரியாக ஒன்றைக் கிளம்பும்போதே வாங்கி வையுங்கள். கைவசம் இல்லையென்றால் நடு கியரில் வைத்து அடுத்த ஊர் வரை மட்டும் மெதுவாக மிதியுங்கள். ஹேண்டிலில் வளைவு இருந்தால் நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள்.

அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் இனி பயன்படாது.

9. தொடர்வதா, நிறுத்துவதா

எலும்பு முறிவு, தலையடி, வளைந்த ஃபோர்க்: நிறுத்துங்கள். வெறும் சிராய்ப்பும் இரண்டாம் வகை ஊசியும் என்றால் தொடரலாம், ஊசி சைக்கிள் ஓட்டத் தடையல்ல. 3ஆம், 7ஆம் நாள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டு, அங்கே அரசு மருத்துவமனை இருக்கும்படி பயணத்தை மடக்குங்கள். கெண்டைக்காலில் ஆழமான கடி இருந்தால் வியர்வையும் தூசியும் புண்ணைப் பழுக்கவைக்கும். நாலு நாளாவது ஓட்டாமல் இருங்கள்.

10. சைக்கிளை ஊருக்கு அனுப்புவது

முதல் கட்டம், அடிபட்ட இடத்திலிருந்து ரயில் நிற்கும் ஊர் வரை. குட்டியானை வண்டியைப் பேசி ஏற்றலாம், கிலோமீட்டர் கணக்கில் பேரம். திரும்பிப்போகும் காலி வண்டி என்றால் பாதி விலைக்கு வரும்.

ரயிலில் இரண்டு வழி. உங்கள் பயணச்சீட்டைக் காட்டி அதே ரயிலில் லக்கேஜாகப் பதிவது ஒன்று. சீட்டு இல்லாமல் பார்சலாக அனுப்புவது மற்றொன்று, அது எந்த ரயிலில் போகும் என்று உறுதி இல்லை. இரண்டுக்கும் பார்சல் அலுவலகம்தான். அடையாள அட்டையும் நகலும், பயணச்சீட்டு நகலும் கொண்டுபோங்கள். ரயில் புறப்பட இரண்டு மணி நேரம் முன்பாவது போக வேண்டும். ரயில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நிற்கும் நிலையங்களில் ஏற்ற மாட்டார்கள். சில ரயில்களின் பார்சல் பெட்டியைத் தனியார் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். அதில் இடமில்லை என்று சொன்னால் வாதாடிப் பயனில்லை, வேறு ரயிலைக் கேளுங்கள். ஆகவே திருத்துறைப்பூண்டி, அதிராம்பட்டினம்போன்ற இடங்களில் காத்திருப்பதைவிடத் திருவாரூர், மயிலாடுதுறை, ராமநாதபுரம் என்று பெரிய நிலையத்துக்கு வந்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கட்டும் முறை: பைகள், விளக்கு, பம்ப், மீட்டர் எல்லாவற்றையும் கழற்றி உங்களோடு வையுங்கள். பெடலைக் கழற்றுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி கிராங்கைக் கெடுத்தவர்கள் ஏராளம். ஹேண்டிலைத் திருப்பிச் சட்டத்தோடு ஒட்டிக் கட்டுங்கள். டிரெய்லர் பக்கத்தில் அட்டையை மடித்து வைத்து, மேலே சாக்குத் துணி. பெயர், கைபேசி எண், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் எழுதிய துணிச்சீட்டு இரண்டு, வேறுவேறு இடத்தில்.

விலையைச் சொல்லும் இடத்தில் கவனம். மதிப்பை அறிவிக்காமல் அனுப்பினால், தொலைந்தாலும் உடைந்தாலும் எடைக்கு இவ்வளவு என்ற சொற்பத் தொகைதான் கிடைக்கும். அறிவித்தால் கூடுதலாக ஒரு சதவீதக் கட்டணம் கேட்பார்கள். விலையுயர்ந்த சைக்கிள் என்றால் கட்டிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள சேதத்தைப் படமெடுத்து வைக்காவிட்டால் எது ரயிலில் ஆனது, எது நாயால் ஆனது என்று பிரிக்க முடியாது. இறங்கும் நிலையத்தில் குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். கையில் கட்டோடு இருந்தால் ரசீதையும் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தையும் நண்பரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் முன்சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்தும் கொண்டுவரலாம். ரசீது தர மாட்டார்கள், தொகையை ஏற்றும் முன்பே பேசி முடியுங்கள். டிரெய்லர் மேல்பக்கம் இருக்கும்படி படுக்கவையுங்கள், இடையில் யாராவது அரிசி மூட்டையை மேலே போடாமல் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள்.

11. பணத்தைத் திரும்பப் பெறுவது

நாயால் விழுந்தால் மோட்டார் வாகன இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வேலையில்லை, வாகனம் எதுவும் மோதவில்லை. உங்கள் சொந்தக் காப்பீடுதான்.

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் தரும். ஊசிச் செலவு பல திட்டங்களில் கிடைக்காது, வெளிநோயாளிப் பிரிவு சேர்த்திருந்தால் கிடைக்கும். அவசரமாகச் சேர்க்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை, மயக்கத்தில் இருந்தாலும் வீட்டார் சொல்லலாம். அசல் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படம் (அறிக்கை மட்டும் போதாது), ஏ.ஆர். நகல், சி.எஸ்.ஆர். இவை ஒரு கட்டு.

தனிநபர் விபத்துக் காப்பீட்டில் தற்காலிக இயலாமைக்கு வாரத் தொகை தரும் பிரிவு இருந்தால் அதுதான் காறை எலும்பு உடைந்தவருக்கு உண்மையில் உதவும். இதற்கு "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வேலைக்குப் போக இயலாது" என்ற மருத்துவர் சான்றும், முடிந்தபின் தகுதிச் சான்றும் வேண்டும். பிரதமரின் சுரக்ஷா பீமா வருடத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் தரும், எலும்பு முறிவுக்கு ஒரு பைசா வராது. இருந்தாலும் இருபது ரூபாய்தானே, எடுத்துவிடுங்கள்.

12. விட்ட இடத்திலிருந்து

கிளம்பும் முன் நின்ற இடத்துக் கிலோமீட்டர் கல்லைப் படமெடுத்து வைத்திருப்பீர்கள், மறுபடி வரும்போது அங்கிருந்தே தொடரலாம். காறை எலும்பு ஒன்றுசேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். 28ஆம் நாள் ஊசியை முடிக்காமல் கிளம்பாதீர்கள். வலி போனபின் அந்தக் கடைசி ஊசிதான் பலருக்கு மறந்துபோகிறது. அந்த ஊராட்சி அலுவலகத்தில் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடச் சொல்லி எழுதிக் கொடுத்த மனு இருந்தால், அதன் நகலோடு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்த இடத்தை மட்டும் காலை ஒன்பது, பத்து மணிக்கு, நாய்கள் நிழலில் படுத்துத் தூங்கும் நேரத்தில் தாண்டும்படி திட்டமிடுங்கள்.